பிள்ளையார் சுழியை எடுத்த நாள்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அலுவலக வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை. நானும் வெளியேறவில்லை. போன வாரம் அதில் ஒரு பெண் எழுதியிருந்தாள்: "ஸ்கிரிப்டை ஓட விட்டா தப்பா வருது. ஒவ்வொரு வரியா நிறுத்திப் பாத்தா சரியா வருது. ஏஐ கிட்டயும் கேட்டுட்டேன், பத்து காரணம் சொல்லுது. எதுவுமே இல்ல. மண்டை காயுது."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டேன். இந்த மாதிரிக் கோளாறு கையில் சிக்குவது அபூர்வம். நாம் பார்க்கும்போது ஒழுங்காக நடந்துகொள்ளும், திரும்பினால் வேலையைக் காட்டும். எனக்கு வாழ்நாளில் இரண்டு முறைதான் கிடைத்தது. குரல் பதிவாகச் சொல்ல ஆரம்பித்தேன். நீளமாகப் போய்விட்டது. "எழுதியே குடுத்திடுங்க மாதையா அண்ணா" என்றார்கள். எழுதுகிறேன்.

நான் ஒன்பதாவது வரை படித்தவன். அதிலும் பாதி நாள் பள்ளிக்கூடம் போவதாகச் சொல்லிவிட்டு ஊத்தங்கரை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, எந்த பஸ் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அதில் ஒன்றில் ஏறிவிட்டேன். பெங்களூரில் பேக்கரி, பிறகு கிரானைட் பாலிஷ் பட்டறை, பிறகு ஹூப்ளி வரை போகும் லாரியில் கிளீனர். பட்டறையில் தூசு நெஞ்சில் இறங்கி இருமல் பிடித்ததால் லாரிக்குப் போனேன். லாரியில் தூக்கம் இல்லாததால் ஓசூரில் இறங்கினேன். அங்கே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கூட்டிப் பெருக்கிப் பூட்டும் வேலை. மாடிப்படிக்குக் கீழே படுக்கை. எலி இருந்தது, பழகிவிட்டது.

அந்த சென்டரில் பிள்ளைகள் எழுதிவிட்டுப் போன புரோகிராம்கள் திரையில் அப்படியே கிடக்கும். துடைக்கும்போது படிப்பேன். ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும். ஆனால் 'இஃப்' என்று திறந்தால் 'எண்ட் இஃப்' என்று மூட வேண்டும் என்பது புரிய ஆங்கிலம் தேவைப்படவில்லை. சட்டைப் பொத்தானைப் போல, மேலே ஒன்று தவறினால் கீழே ஒன்று மிஞ்சும். யாருடைய புரோகிராம் ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிப்பது எனக்கு விளையாட்டாகிவிட்டது. அப்படித்தான் அருளப்பன் சாரிடம் வந்து சேர்ந்தேன்.

அருளப்பன் சார் கிருஷ்ணகிரிக்காரர். கத்தோலிக்கக் குடும்பம். ஓசூரில் ஒரு டயர் கடைக்கு மேல் அவருடைய ஆபீஸ். சின்னக் கம்பெனிகளுக்குக் கணினியில் ஓடும் மென்பொருள் செய்து தருவார். எடை மேடை, கேட் பாஸ், லேபிள் அச்சு இந்த மாதிரி. அவர் எழுதுவார், நான் போய்ப் போட்டுவிட்டு வருவேன். அங்கே கெட்டுப்போனால் நான்தான் போய்ப் பார்ப்பேன். கொஞ்ச காலத்தில் திருத்துவதும் என் வேலையாயிற்று. ஓர் இடத்தில் நிலைக்காதவனுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. இன்று சூளகிரி, நாளை போச்சம்பள்ளி, மறுநாள் எல்லை தாண்டி அத்திப்பள்ளி.

சாருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் கேட்கும் ஒரு கேள்விக்கு ஆபீஸே பயப்படும். "சார், பிரிண்டர் செட்டிங் மாறிடுச்சு, அதான் வரலை" என்று போனில் சொன்னால், அந்தப் பக்கம் வேர்க்கடலை மெல்லும் சத்தம் கேட்கும். பிறகு மெதுவாக, "பார்த்தியா, நினைச்சியா?" என்பார். பார்த்தேன் என்றால் எங்கே பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். நினைத்தேன் என்றால் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

அவருடைய முறை இது. போனதும் எதையும் தொடக் கூடாது. அங்கே வேலை செய்கிறவரையே செய்யச் சொல்லி, கோளாறு வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். நம் கை பட்டால் நாம் ஒழுங்காகச் செய்துவிடுவோம், கோளாறு வராது. வந்த பிறகு ஒரே ஒரு விஷயத்தை மாற்ற வேண்டும். அது பலிக்கவில்லை என்றால் அதைப் பழையபடி வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். "ரெண்டை மாத்திட்டு சரியாயிடுச்சுன்னா உனக்கு ஒண்ணுமே தெரியலன்னு அர்த்தம்" என்பார்.

சாரின் முறை எனக்கு உறைத்தது ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் தயாரிக்கும் ஒரு கம்பெனியில். லேபிள் புரோகிராம் நான் போனால் ஓடும், நான் கிளம்பினால் நிற்கும். மூன்றாவது தடவை போனபோது சூப்பர்வைசர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க. இந்த வாட்டி உங்களையே இன்ஸ்டால் பண்ணிட்டுப் போங்க" என்றார். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில்தான் பொறி தட்டியது. நான் வந்தால் என்னோடு என்ன வருகிறது? பென் டிரைவ். அதைப் பிடுங்கினேன், நின்றது. செருகினேன், ஓடியது. எழுதியவர் அந்தப் பென் டிரைவில் இருந்த ஒரு கோப்பின் முகவரியை ஸ்கிரிப்டிலேயே விட்டுவிட்டிருந்தார். அன்று பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காராமல் நின்றுகொண்டே வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

இனி மாங்கூழ் ஆலைக்கு வருகிறேன்.

போச்சம்பள்ளி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை. சீசனில் பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய டிராக்டரும் குட்டி யானை எனும் சின்ன லாரியும் ரோடு வரைக்கும் வரிசை கட்டி நிற்கும். வெயிலில் நிற்க நிற்க பழம் கசியும், ஈ மொய்க்கும். வாசலில் எடை மேடை. வண்டி மேடையில் ஏறியதும் எடை காட்டும் பெட்டியில் எண் ஓடி நிற்கும். அதே எண் வெளியே பெரிய சிவப்புப் பலகையிலும் தெரியும். பெட்டியிலிருந்து ஒரு கேபிள் கம்ப்யூட்டருக்கு வரும். ஆபரேட்டர் கீபோர்டில் ஒரு சாவியைத் தட்டினால் எங்கள் புரோகிராம் அந்த எண்ணை வாங்கிச் சீட்டு அடித்துத் தரும்.

ஆலையின் பெரியவருக்கு, அதாவது முதலாளிக்கு, ஒரு வழக்கம். பிள்ளையார் சுழி போடாமல் எந்தத் தாளிலும் பேனா வைக்க மாட்டார். கம்ப்யூட்டர் மட்டும் விதிவிலக்கா என்று கேட்டார். ஒவ்வொரு வண்டிக்கும் சாவியைத் தட்டியதும் திரை நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்து சுழி காட்ட வேண்டும், என்டர் தட்டினால் போய்விட வேண்டும், அதன் பிறகுதான் எடை. அருளப்பன் சார் மறு பேச்சு பேசவில்லை. "கேக்கறாரு, வெச்சிட வேண்டியதுதான். ஒரு வரிதானே" என்று தன் கையால் எழுதிக் கொடுத்தார். ஆறேழு சீசன் பிள்ளையார் பார்த்த எடையில் ஒரு தப்பு இல்லை.

அந்த வருடம் பெரியவருக்கு உடம்பு முடியாமல், மருமகன் கிரீஷ் பெங்களூரிலிருந்து வந்து பொறுப்பேற்றார். முப்பது வயதிருக்கும், வேகமான ஆள். வரிசையைப் பார்த்துவிட்டு சாருக்கு போன் போட்டார். ஒரு வண்டிக்கு ஒரு என்டர் தேவையில்லாமல் போகிறது, அந்தப் பெட்டியை எடுங்கள் என்றார். சார் ஆபீஸில் இருந்தபடியே அந்த வரியை எடுத்து, சாயங்காலம் புதிய புரோகிராமை அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை பத்து மணி வாக்கில் போன் வந்தது. நான் சூளகிரியில் இருந்தேன். கிடைத்த பஸ்ஸில் ஏறி, கிருஷ்ணகிரியில் மாறி, ஆலைக்குப் போய்ச் சேர்ந்தபோது கேட்டில் கூட்டம். மேடை வேலை நின்றிருந்தது. டிராக்டர்காரர்கள் எல்லாம் இறங்கி நின்றார்கள்.

நடந்தது இதுதான். சென்றாயன் என்ற விவசாயியின் வண்டிக்குச் சீட்டில் எடை குறைவாக வந்திருக்கிறது. அவர் சிவப்புப் பலகையைப் பார்த்து மனதில் வைத்திருந்த எண் வேறு. சத்தம் போட்டிருக்கிறார். பிறகு இன்னும் இரண்டு பேர் தங்கள் சீட்டைக் காட்டினார்கள். கூடுதலாக வந்தவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கூட்டத்தில் யாரோ ஒருவர், ஆபரேட்டர் மஞ்சுளாவின் தாய்மாமன் வண்டிக்கு எடை கூடுதலாகப் போட்டிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். அதோடு கதை முடிந்தது. கிரீஷ் எல்லார் முன்னாலும் அவளை எழுந்திருக்கச் சொல்லியிருக்கிறார்.

மஞ்சுளா கேட் ஓரம் சாப்பாட்டுப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பக்கத்துக் கிராமம். வீட்டில் தெலுங்கு, மேடையில் தமிழ், கர்நாடக லாரி வந்தால் கன்னடம். ஐந்து சீசனாக அந்த நாற்காலியில் இருப்பவள்.

"கண்ணு முன்னாடி நம்பர் ஓடுது. சீட்டுல வேற வருது. நீ பாக்கல, நான் நம்பணுமா?" என்றார் கிரீஷ்.

"வண்டி மேடையில நேரா நிக்குதா, நம்பர் நின்னுச்சா, அதான் சார் பாப்பேன். சீட்டு வந்ததும் கிழிச்சுக் குடுப்பேன். அதை யாரு படிக்கிறாங்க."

"உங்க மாமனுக்கு மட்டும் கூட வந்திருக்கு."

"எங்க மாமன் என்கூடப் பேசியே மூணு வருஷம் ஆச்சு சார். அவருக்கு நான் திருடிக் குடுப்பனா?"

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். மாமன் தன் டிராக்டர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிரீஷ் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "நோடி, இங்க பாருங்க, மத்தியானத்துக்குள்ள உங்க புரோகிராம்ல தப்பு இருக்குன்னு காட்டுங்க. இல்லன்னா நான் ஸ்டேஷன்ல புகார் குடுக்கறேன். பழம் வெயில்ல நிக்குது."

நான் உள்ளே போகும்போது மஞ்சுளா பின்னால் வந்தாள். "அண்ணா, வேலை போனாப் போவட்டும். திருடின்னு பேராயிட்டா எந்தக் கம்பெனியும் வேலை தராது, எங்க ஊர் வழியாப் போற ஒரு கம்பெனி பஸ்லயும் ஏற முடியாது. பாத்துச் சொல்லுங்க."

லேப்டாப்பைத் திறந்து கேபிளை அதில் மாட்டினேன். புரோகிராமை எழுதும் சூழலிலேயே அதை ஓட வைத்தேன். அங்கே ஒரு வசதி உண்டு. எந்த வரியில் வேண்டுமானாலும் நிறுத்தி வைக்கலாம். பிறகு ஒவ்வொரு வரியாக நகர்த்தி, எந்தப் பெயரில் என்ன எண் இருக்கிறது என்று பார்க்கலாம். மஞ்சுளாவையே உட்காரவைத்து, ஒரு டிராக்டரை மேடையில் ஏற்றி, அவள் வழக்கம்போலச் சாவியைத் தட்ட, நான் வரி வரியாக நகர்த்தினேன். சரியான எடை. இன்னொரு வண்டி. சரியான எடை. நாலு வண்டி ஏறி இறங்கியது, நாலும் சரி.

கிரீஷ் ஜன்னலில் கை ஊன்றி, "புரோகிராம் சரியாத்தான் இருக்கு போலருக்கே" என்றார். மஞ்சுளாவின் முகம் சுண்டிவிட்டது.

நிறுத்தல் குறிகளை எல்லாம் எடுத்துவிட்டு ஓட விட்டேன். ஐந்தாவது வண்டி சரி. ஆறாவது வண்டிக்கு, ஐந்தாவது வண்டியின் எடை வந்தது. அப்படியே, கடைசி இலக்கம் வரை. கோளாறு கண் முன்னால் வந்துவிட்டது. அதே வண்டிக்கு மறுபடி நிறுத்திப் பார்த்தேன். சரியாக வந்தது. நிறுத்தாமல் இன்னும் இரண்டு வண்டி விட்டேன், ஒன்றுக்குச் சரி, ஒன்றுக்கு முந்தின வண்டியினுடையது. சாருக்கு போன் போட்டேன்.

"நிறுத்துனா சரியா வருது சார், ஓட விட்டா முன்னாடி வண்டி எடை வருது."

கடலை மெல்லும் சத்தம் நின்றது. "கேபிள்?"

"பாத்தேன் சார், இறுக்கமா இருக்கு. வேற கேபிள் மாத்தியும் பாத்தேன், அதேதான். பழையதையே மாட்டிட்டேன்."

"நேத்து என்ன மாறிச்சு?"

"நீங்க எடுத்த ஒரு வரிதான் சார்."

"அது வெறும் மெசேஜ் பாக்ஸ், மாதையா. எடைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அதுல ஒண்ணும் இல்ல, வேற பாரு."

ஜன்னலுக்கு வெளியே சென்றாயன் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "பெரியவரு இருந்தா இப்படி ஆவுமா? பிள்ளையாரத் தூக்கிட்டாங்க. எடை எங்க நிக்கும்?" கிரீஷுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கேளுங்க, அவரு கண்டுபிடிச்சுட்டாரு" என்றார்.

நான் சிரிக்கவில்லை. பிள்ளையார் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்று யோசித்தேன். சாவியைத் தட்டியதும் கேபிளில் வந்து கிடக்கும் பழைய எண்களைத் துடைக்கும் வரி. அடுத்து பிள்ளையார். அடுத்து கேபிளில் வந்த எண்ணை எடுக்கும் வரி. பிள்ளையார் பெட்டி திறந்திருக்கும் வரை புரோகிராம் நகராது. மஞ்சுளா என்டர் தட்டும் வரை நிற்கும். நான் வரி வரியாக நகர்த்தும்போதும் அதேதான் நடக்கிறது. நிற்கிறது.

கேபிளில் புது எண் வந்து சேர ஒரு கண் சிமிட்டும் நேரமாவது வேண்டும். கம்ப்யூட்டருக்கு அது நெடுநேரம். பிள்ளையார் இருந்தவரை அந்த நேரம் தானாகக் கிடைத்தது. அவரை எடுத்ததும், துடைத்த கையோடு எடுக்கப் போகிறது. எண் வந்திருந்தால் சரி. வராவிட்டால் வெறுமை. வெறுமையை எடையாக மாற்ற முடியாது, அங்கே கோளாறு என்று சிவப்புப் பெட்டி வர வேண்டும். ஏன் வரவில்லை? மேலே ஏறிப் பார்த்தேன். எங்களிடம் முன்பு இருந்த ஒருவர் எழுதிய வரி கிடந்தது. தப்பு வந்தால் கண்டுகொள்ளாதே, அடுத்த வரிக்குப் போ என்று அதற்கு அர்த்தம். தப்பைத் தாண்டிப் போய்விட்டால், எடை என்ற பெயருக்குள் முந்தின வண்டியின் எண் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதைச் சீட்டில் அடித்துவிடும்.

மறுபடி போன். ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, எப்படி அந்தத் துணிச்சல் வந்தது என்று தெரியவில்லை, கேட்டுவிட்டேன்.

"சார், அந்த வரிக்கும் எடைக்கும் சம்பந்தம் இல்லன்னு சொன்னீங்களே. பாத்தீங்களா, நினைச்சீங்களா?"

சார் பெரிதாகச் சிரித்தார். "நினைச்சேன்டா. ஆபீஸ்ல கேபிள் ஏது, பாக்கறதுக்கு? சரி, நீ இப்ப சொன்னது பாத்ததா?"

"பாதி பாத்தது, பாதி நினைச்சது."

"மீதிப் பாதியையும் பாத்துடு. அவங்களுக்கும் காட்டு. ஸ்கிரிப்டைக் காட்டாதே, அது அவங்களுக்குப் புரியாது. புரியற மாதிரி ஒண்ணு காட்டு."

வெளியே வந்து கிரீஷையும் சென்றாயனையும் உள்ளே கூப்பிட்டேன். மீதிப் பேர் ஜன்னலில் முண்டியடித்தார்கள். ஆலைக் கம்ப்யூட்டரில் காலையில் இருந்த புரோகிராம் அப்படியே இருந்தது, அதில்தான் காட்ட வேண்டும். கேபிளை லேப்டாப்பிலிருந்து கழற்றி அதில் மாட்டினேன். மேடையில் ஒரு குட்டி யானையை ஏற்றி, சரியான எடை வரும்வரை சீட்டு எடுத்தேன். அதை இறக்கிவிட்டு, இரண்டு மடங்கு பாரமுள்ள டிராக்டர் ஒன்றை ஏற்றச் சொன்னேன். சிவப்புப் பலகையில் பெரிய எண் வந்து நின்றது.

பிறகு கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்து கேபிளைப் பிடுங்கினேன். அதன் முனையை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தேன்.

"இப்ப கம்ப்யூட்டருக்கும் மேடைக்கும் சம்பந்தமே இல்ல. ஒத்துக்கறீங்களா?"

"ஆமா" என்றார் சென்றாயன்.

"மஞ்சுளா, நீ தள்ளி நில்லு. சார், நீங்களே தட்டுங்க."

கிரீஷ் சாவியைத் தட்டினார். பிரிண்டர் கொஞ்சமும் கூசாமல் சீட்டு அடித்தது. டிராக்டரின் நம்பர், தேதி, எடை எல்லாம் இருந்தது. எடை அந்தக் குட்டி யானையினுடையது.

ஜன்னலில் இருந்தவர்கள் சீட்டை எட்டிப் பார்த்தார்கள். பிறகு பின்னால் இருந்து ஒருவர், "வயரே இல்லாம எடை போடுதுய்யா. மேடை எதுக்கு, வீட்லயே போட்டுக்கலாமே" என்றார். கூட்டம் மொத்தமும் சிரித்தது. கிரீஷ் இன்னொரு தடவை தட்டினார். அதே எடை. மூன்றாவது தடவையும் தட்டினார். சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தார். முகம் மாறியது.

"அப்ப காலைல வந்ததெல்லாம்..."

"நீங்க உக்காந்திருந்தாலும் அதான் சார் வந்திருக்கும்" என்றேன்.

திருத்தம் எழுத அதிக நேரம் ஆகவில்லை. கண்டுகொள்ளாதே என்ற வரியைத் தூக்கினேன். எடை என்ற பெயரை ஒவ்வொரு வண்டிக்கும் முதலில் காலியாக்கினேன். புது எண் வந்து, அதே எண் மறுபடியும் வந்து, நின்றுவிட்டது என்று உறுதியான பிறகுதான் சீட்டு. வராவிட்டால் 'எடை வரவில்லை' என்று திரையில் சொல்லி நின்றுவிட வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாற்றி, தனித்தனியாக வண்டி ஏற்றிப் பார்த்தேன். சென்றாயன் பிள்ளையாரும் திரும்பி வர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். சாரிடம் போனில் கேட்டேன். "வெச்சிடு. ஆனா நம்ம வேலைய அவர் தலையில கட்டாதே" என்றார். எடைக்கும் அவருக்கும் சம்பந்தம் வராதபடி, புரோகிராம் திறக்கும்போது ஒரு முறை மட்டும் வரும்படி வைத்தேன். காலையில் எடை குறைந்தவர்களிடம் பெரியவர் படுக்கையிலிருந்தே போனில் பேசித் தீர்த்துக்கொண்டார்.

மஞ்சுளா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். கிரீஷ் அவள் பக்கத்தில் போய்த் தணிந்த குரலில், "போய் உக்காரும்மா, லேட் ஆகுது" என்றார்.

அவள் நகரவில்லை. "சத்தமாச் சொல்லுங்க சார். காலைல சத்தமாத்தான் சொன்னீங்க."

கிரீஷ் கேட் பக்கம் பார்த்தார். அத்தனை பேரும் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் கன்னடத்தில் ஏதோ ஆரம்பித்து, பிறகு தமிழில் சொன்னார். "தப்பு புரோகிராம்ல. மஞ்சுளா மேல ஒண்ணும் இல்ல. நான் அவசரப்பட்டுட்டேன்." குரல் கடைசி டிராக்டர் வரை கேட்டிருக்கும். மூன்று வருடமாகப் பேசாத மாமன்தான் முதலில் வண்டியில் ஏறி இன்ஜினைக் கிளப்பினார்.

அவள் உள்ளே வந்து பையை மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் வண்டி மேடையில் ஏறியது. சாவி பக்கம் போன கை நின்றது. எழுந்தாள், பின்னால் குனிந்தாள், நான் செய்தது போலவே கேபிளைப் பிடுங்கினாள். திரும்பி வந்து சாவியைத் தட்டினாள். திரையில் 'எடை வரவில்லை' என்று வந்தது. பிரிண்டர் அசையவில்லை.

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் அந்த வார்த்தைகளை அவசரமில்லாமல் படித்து முடித்தாள். பிறகு கேபிளை மாட்டி, திருகை இறுக்கி, மறுபடி தட்டினாள். சீட்டு வந்தது. கிழிப்பதற்கு முன் அதைச் சிவப்புப் பலகையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"அடுத்த வண்டி" என்றாள்.